நடைபாதையைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் தெருவில் இத்தாலிய உணவகம் திறப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உரிமையாளர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து, சுவரோரம் நின்ற இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் விட்டார்கள். பால் வாங்கக் கீழே இறங்கிய நான் அதைக் கண்ணால் பார்த்தேன். "யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?" என்றேன். "ஓனர் சொன்னாரு மேடம், அடுத்த வெள்ளிக்கிழமை ஓப்பனிங்" என்றார் மேஸ்திரி. ஆறு மணிக்கு ஒரு மினி லாரி வந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து உங்கள் கேட் வரைக்கும் நடைபாதையில் எட்டுத் தொட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். உள்ளே ரோஸ்மேரிச் செடி. தொட்டிகளுக்கு நடுவே கயிறு கட்டி, 'வேலட் மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை.

உங்கள் மேனேஜரிடம் மூன்று தடவை பேசிவிட்டேன். முதல் தடவை "ஓனர் கிட்ட சொல்றேன்" என்றார். இரண்டாவது தடவை "ஓனர் பாம்பேல இருக்கார்" என்றார். மூன்றாவது தடவை, "கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்னா பண்ணுங்க, பார்த்துக்கலாம்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் உங்கள் கட்டடத்துக்கு அடுத்த பிளாட்டில் முதல் மாடியில் இருக்கிறேன். 58 வயது. மயிலாப்பூரில், இதே தெருவில் பிறந்தவள். நீங்கள் 30 வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அந்த ஓட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். அந்த வீட்டு மாமா காலமான பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதை இடிக்காமல் வாடகைக்கு விட்டதே பெரிய விஷயம். அதை நீங்கள் இடிக்காமல் செப்பனிட்டது அதைவிடப் பெரிய விஷயம். தேக்குத் தூண்களுக்கு மேல் அப்பியிருந்த பச்சை பெயின்டைச் சுரண்டி எடுத்திருக்கிறீர்கள், முற்றத்துக் கம்பிவலையை எடுத்துவிட்டு வானத்தைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான். நான் குடியிருக்கும் பிளாட்டே 1993-இல் இதேபோல ஒரு வீட்டை இடித்துக் கட்டியதுதான். அந்த வகையில் என் கையும் சுத்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு பேர் கையெழுத்து வாங்க வந்தார்கள். கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் அசைவ ஓட்டல் வரக்கூடாது என்று ஒரு மனு. நான் போடவில்லை. கச்சேரி ரோட்டில் பள்ளிவாசல் இருக்கிறது, லஸ்ஸில் 1516-இல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில் இருக்கிறது, பத்து நிமிஷம் கிழக்கே நடந்தால் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறார்கள். இந்த ஊர் யாருடைய தட்டையும் எட்டிப் பார்த்து வளர்ந்ததில்லை. நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்பது என் புகாரில் இல்லை. அந்த மனுவோடு இந்தக் கடிதத்தை யாரும் சேர்த்துக் கட்டவேண்டாம்.

உங்கள் வாசல் பேனரில் 'மயிலாப்பூரில் ஒரு துண்டு டஸ்கனி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இத்தாலியும் சரி, அதன் ஒரு பகுதியான டஸ்கனியும் சரி, இங்கே வருவது இது முதல் தடவை இல்லை என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைப்பக்கம் வந்த வெனிஸ்காரர் மார்கோ போலோ, புனித தோமாவின் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்து மக்கள் வலது கையால்தான் சாப்பிடுவார்கள், பாத்திரத்தில் உதடு படாமல்தான் தண்ணீர் குடிப்பார்கள் என்றும் கவனித்து எழுதியிருக்கிறார். எழுநூறு வருஷத்துக்கு அப்புறமும் என் அம்மா சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிக்கிறாள். மெரினாவில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவரும் இத்தாலிக்காரர்தான். நாம் இன்றைக்கு எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குழப்பமில்லாமல் எழுதுவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியாரைப் பற்றி. டஸ்கனியில் மான்டிபுல்சியானோ என்ற ஊரைச் சேர்ந்த குடும்பம். 1606-இல் மதுரைக்கு வந்தார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், காவி உடுத்தினார், ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு, தத்துவபோதகர் என்று பெயர். அவருடைய மத வேலையைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு, அது வேறு கதை. வயதான காலத்தில் கண்பார்வை மங்கி அவர் வந்து சேர்ந்தது மயிலாப்பூருக்கு. 1656-இல் இங்கேயே இறந்தார். வந்த இடத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். நீங்கள் காவி உடுத்த வேண்டாம். சுவரோரம் யார் நிற்கிறார் என்று மட்டும் விசாரித்திருக்கலாம்.

சரி, சுவரோரம் நின்றவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு புங்க மரம் இருக்கிறதே, அதன் நிழலில் 26 வருஷமாக அவர் வண்டி நிற்கிறது. அவருக்கு முன்னால் அவர் அப்பா. ஒரு சட்டைக்கு 12 ரூபாய், புடவைக்கு 40. முன்பெல்லாம் கரிப் பெட்டிதான், தணலை விசிறிக்கொண்டே இருப்பார். நாலு வருஷத்துக்கு முன் கேஸ் பெட்டிக்கு மாறினார். எங்கள் பிளாட்டிலும் எதிர் பிளாட்டிலுமாகப் பதினோரு வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். கூரியர்காரர்களுக்கு எங்கள் விலாசம் தெரியாது, அவரைத் தெரியும். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் அவர் வண்டிக்குக் கீழேதான் காத்திருக்கும். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மத்தியானம் அம்மாவுக்கு ஒரு மாத்திரை கொடுக்கவேண்டும். மூன்று வருஷம் அந்த மாத்திரையைக் கொடுத்தது அவர்தான். சம்பளம் கிடையாது, மாடிப்படி ஏறிவந்து, "அம்மா, ஒண்ணரை ஆச்சு" என்பார், அவ்வளவுதான். 2020-இல் ஊரடங்கின்போது தேய்க்கத் துணியே இல்லை, எல்லோரும் வீட்டில் லுங்கியில் இருந்தார்கள். அப்போதும் காலையில் வந்து மரத்தடியைப் பெருக்கிவிட்டு, வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போவார். இடம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் ஊரடங்கில் பலிக்கவில்லை. உங்கள் தொட்டியில் பலித்தது.

அவர் வண்டி உங்கள் சுவரில் சாய்ந்திருக்கவில்லை. உங்கள் சுவருக்கு வெளியே, பொது நடைபாதையில், யார் நடப்பதற்கும் மூன்றடி விட்டு நின்றது. 2014-இல் மத்திய அரசு கொண்டுவந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் காய்கறி விற்பவர்களுக்கு மட்டுமில்லை, தெருவில் இருந்து சேவை செய்கிறவர்களுக்கும் பொருந்தும். அப்படிப்பட்டவரை இடம் மாற்றவேண்டுமென்றால் உள்ளாட்சி அமைப்புதான் மாற்றவேண்டும், அதுவும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து. தனியார் மேஸ்திரி ஒருவர் விடியற்காலையில் வந்து தள்ளிவிட்டுப் போக அந்தச் சட்டத்தில் எங்கேயும் இடமில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பழைய அடையாள அட்டைதான், அதையும் எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க எங்கள் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மேனேஜர் அவருக்கு 5,000 ரூபாய் கொடுக்க வந்ததாகக் கேள்விப்பட்டேன். வாங்கவில்லை. "காசு வேணாம், மரம் வேணும்" என்றாராம்.

இப்போது தொட்டிகள். என் அம்மாவுக்கு 82 வயது. வாக்கர் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் வருவாள். டாக்டர் சொன்ன நடை அது. திருமயிலை மெட்ரோவுக்காக லஸ் பக்கம் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து, பெரிய ரோட்டில் போகவேண்டிய வண்டியெல்லாம் எங்களைப் போன்ற சந்துகளில் புகுந்து போகிறது. ஆட்டோ, ஸ்விக்கி பைக், சில நேரம் மினி பஸ். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, ரயில் வந்தால் எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் அந்த நெரிசலில் எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒற்றை நடைபாதை. போன புதன்கிழமை அம்மா முதல் தொட்டி வரைக்கும் போய், நின்று, வாக்கரைத் தூக்கி ரோட்டில் வைத்து இறங்கினாள். பின்னால் வந்த பைக் பிரேக் போட்டதால் கைப்பிடி மட்டும் வளைந்தது. பையன் நல்லவன், இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான். உங்கள் செக்யூரிட்டி பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொட்டிக்குக் காவல் நிற்கத்தான் அவருக்குச் சம்பளம். அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் போகவில்லை. பால்கனியில் எட்டு நடை, திரும்ப எட்டு நடை.

திண்ணையிலும் ஒரு கயிறு கட்டியிருக்கிறீர்கள். திண்ணை உங்கள் குத்தகைக்குள் வருகிறது, சட்டப்படி நான் ஒன்றும் பேச முடியாது. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: திண்ணை என்பது வீட்டுக்காரர் தன் நிலத்தில் தெருவுக்கென்று விட்டுவைத்த இடம். தபால்காரர் உட்காருவார், பூக்காரம்மா கூடையை இறக்கி வைப்பார், மழைக்கு யாரென்றே தெரியாதவர் ஒதுங்குவார். மாமா இருந்தவரைக்கும் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் அன்றைக்கு, அந்தத் திண்ணையில் இரண்டு அண்டா நீர்மோரும் ஒரு அண்டா பானகமும் இருக்கும். மாடவீதியில் நிற்க இடமில்லாமல் எங்கள் தெருவுக்குள் ஒதுங்கும் கூட்டம் குடித்துவிட்டுப் போகும். அன்றைக்கு மயிலாப்பூரில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் குறைவு. நீங்கள் சாப்பாட்டுத் தொழில் செய்ய வந்திருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது புகை. உங்கள் விறகு அடுப்பின் சிம்னி எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராக முடிகிறது. சோதனைச் சமையல் என்று மூன்று வாரமாக மூட்டுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியில் எல்லாம் புகை வாசனை. மேல்மாடியில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு வீசிங், அந்த அறை ஜன்னலைத் திறந்து மூன்று வாரமாகிறது. இதைச் சொன்னபோது மேனேஜர், "விறகு இல்லாம ஒரிஜினல் பீட்சா வராது மேடம். 485 டிகிரி வேணும், ஒண்ணரை நிமிஷத்துல வெந்துரணும்" என்று பாடம் எடுத்தார். உண்மைதான், நேபிள்ஸ்காரர்களின் கணக்கு அதுதான். அந்தக் கலையை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் உண்மை. (டஸ்கனி என்று பேனர் கட்டிவிட்டு நேபிள்ஸ் பீட்சா போடுவது, செட்டிநாடு மெஸ் என்று எழுதிவிட்டு உடுப்பி சாம்பார் ஊற்றுகிற மாதிரி. போகட்டும்.) ஆனால் அதே நேபிள்ஸுக்குப் பக்கத்தில் சான் விட்டாலியானோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஊர் மேயர், புகை வடிகட்டி பொருத்தாத விறகு அடுப்பில் பீட்சா சுடவே கூடாது என்று உத்தரவு போட்டார். காற்று அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. பீட்சா பிறந்த மண்ணிலேயே வடிகட்டி கேட்கிறார்கள் என்றால், இருபதடித் தெருவில் நாங்கள் கேட்கக்கூடாதா?

கழிவுநீர் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. இந்தத் தெருக் குழாய் வீடுகளுக்காகப் போட்டது. போன மாதம் இரண்டு முறை எங்கள் வாசல் மேன்ஹோல் பொங்கியது. அடைப்பு எடுக்க வந்தவர்கள் வாளி வாளியாக வெளியே எடுத்தது கொழுப்புக் கட்டி. உங்கள் சமையலறையில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா, இருந்தால் யார் சுத்தம் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சத்தமும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ஆம் வருஷ விதி சொல்கிறது. உங்கள் ஜெனரேட்டருக்கு அந்த விதி தெரிந்த மாதிரி இல்லை.

உங்கள் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஒன்பது பேரைத் தங்க வைத்திருக்கிறீர்கள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். சென்னை வெயிலில் அந்தத் தகரம் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூடத் தொட முடியாது. மாவு பிசைகிற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, மணிப்பூர் என்றான். அரைகுறைத் தமிழில் அம்மாவிடம், "பாட்டி, ஐஸ் வாட்டர் இருக்கா" என்று கேட்பான். அம்மா பானைத் தண்ணீர் கொடுப்பாள். ஒருநாள் பதிலுக்கு ஒரு துண்டு ரொட்டி கொண்டுவந்தான். உப்பே இல்லை. "டஸ்கனி பிரெட், உப்பு போட மாட்டாங்க" என்றான். விசாரித்தேன், நிஜம்தானாம், அந்தப் பக்கத்து ரொட்டி உப்பில்லாமல்தான் இருக்குமாம். அம்மா அதைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் பண்றான்" என்றாள்.

அதற்கப்புறம் உங்கள் மெனு அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் ரிபொல்லீட்டா என்று ஒரு சூப், 690 ரூபாய். அந்தப் பெயருக்கு 'மறுபடி கொதிக்க வைத்தது' என்று அர்த்தம். மிஞ்சின காய்கறி சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு மறுநாள் சுடவைத்துச் சாப்பிடுவது, டஸ்கனி குடியானவர்களின் சாப்பாடு. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதற்குச் சுண்டக்குழம்பு என்று பெயர். விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கொடுக்கிறவர் கொடுக்கட்டும். ஏழைகள் சமையலைத் தட்டில் வைத்து அதன் கதையை அட்டையில் நாலு வரி எழுதத் தெரிந்த உங்களுக்கு, வாசலில் நின்ற உழைப்பாளியைக் காலை ஐந்தரை மணிக்குக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் விட எப்படி மனசு வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

'இதெல்லாம் வளர்ச்சி, பழைய ஆட்கள் இப்படித்தான் புலம்புவார்கள்' என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியானால் இத்தாலிக்காரர்களையும் அந்தப் பழைய ஆட்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986-இல் ரோமில் ஸ்பானிஷ் படிக்கட்டுப் பக்கம் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது, கார்லோ பெட்ரினியும் கூட்டாளிகளும் தெருவில் பென்னே பாஸ்தா கொடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அங்கே தொடங்கியதுதான் இன்றைக்கு உலகமெல்லாம் பேசுகிற, அவசரச் சாப்பாட்டுக்கு எதிரான ஸ்லோ ஃபுட் இயக்கம். உங்கள் மெனுவின் கடைசிப் பக்கத்தில் அந்த இயக்கத்தைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். டஸ்கனியின் தலைநகரம் ஃப்ளாரன்ஸ், 2016-இல் கதீட்ரல் சதுக்கத்தில் கடை கேட்ட அதே கம்பெனிக்கு அனுமதி மறுத்தது. 2018-இல் பழைய நகரத்தின் நாலு தெருக்களில், சாப்பாட்டு நேரத்தில் நடைபாதையிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் 500 யூரோ வரைக்கும் அபராதம் என்று சொன்னது. நடைபாதை நடப்பதற்கு என்பதில் அவர்கள் அவ்வளவு கறார்.

அவர்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அதே டஸ்கனியில் லூக்கா என்ற கோட்டை நகரம், 2009-இல் மதிலுக்குள் வெளிநாட்டு உணவகம் எதுவும் புதிதாகத் திறக்கக்கூடாது என்று விதி போட்டது. கபாப் கடைகளை மனதில் வைத்துச் செய்தது அது. எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிளாட்டுக்குக் கையெழுத்து வாங்க வந்த மனுவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நான் லூக்காவைக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் நடைபாதையைக் கேட்கிறேன்.

கேட்பது இவைதான்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு முன்னால் எட்டுத் தொட்டிகளையும் கயிறையும் பலகையையும் நடைபாதையிலிருந்து எடுங்கள். ரோஸ்மேரிக்கு உங்கள் முற்றத்தில் நல்ல வெயில் விழுகிறது. இதில் பேச்சுவார்த்தைக்கு ஒன்றுமில்லை, பொது இடம் பொது இடம்தான். வருகிறவர்களின் கார்களை நிறுத்த வேறு எங்காவது காசு கொடுத்து இடம் பிடியுங்கள். இந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருக்கிறவர்களின் வண்டிக்கே இடமில்லை.

இஸ்திரி வண்டி புங்க மரத்தடிக்குத் திரும்ப வரவேண்டும். அது உங்கள் முகப்பைக் கெடுக்கிறது என்று தோன்றினால், அவரையே கூப்பிட்டுப் பேசுங்கள். வண்டிக்குப் பெயின்ட் அடிக்க அவருக்கு ஆட்சேபணை இருக்காது. எத்தனை மேசை விரிப்பு, எத்தனை நாப்கின் உங்களுக்குத் தேய்க்கவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்; பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்.

சிம்னியை எங்கள் மொட்டை மாடிக்கு மேலே உயர்த்தி, வடிகட்டி போடுங்கள். அதுவரைக்கும் விறகு மூட்டாமல் கேஸ் அடுப்பில் சுடுங்கள். பத்து மணிக்கு மேல் பின்பக்கத்தில் பாத்திரம் போடுவதையும் ஜெனரேட்டரையும் அடக்குங்கள். எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்ததற்கு அத்தாட்சியை எங்கள் பிளாட் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், மேனேஜரிடம் அது நிறைய வாங்கிவிட்டோம்.

ஒன்பது பையன்களுக்கும் ஓட்டுக்குக் கீழே, காற்றாடி சுற்றுகிற ஒரு அறை. உங்கள் வீட்டில் ஏழு அறை இருக்கிறது, எனக்குத் தெரியும், கண்ணாமூச்சி விளையாடிய வீடு அது.

பெயர்ப் பலகையைத் தமிழில் முதலிலும் பெரிதாகவும் வையுங்கள். அது நான் கேட்பதற்காக இல்லை, தமிழ்நாட்டில் கடை விதி அது. அப்புறம் பங்குனியில் ஒரே ஒரு நாள், அறுபத்துமூவர் அன்றைக்கு, திண்ணைக் கயிறை அவிழ்த்து வையுங்கள். மோர் நாங்கள் கொண்டுவருகிறோம், அண்டா வைக்க இடம் போதும்.

உங்களில் ஒருவராவது நேரில் வரவேண்டும், மேனேஜர் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பிளாட் கார் ஷெட்டில் சங்கக் கூட்டம். அதில் இந்தக் கடிதம்தான் முதல் விஷயம். வராவிட்டால் அன்றைக்கே இதன் பிரதியோடு, தேதி வாரியாக எடுத்த படங்களையும் சேர்த்து, தெருவில் 14 குடும்பங்கள் கையெழுத்துப் போட்ட புகார் போகவேண்டிய இடங்களுக்குப் போகும். கையெழுத்து ஏற்கெனவே வாங்கியாயிற்று.

இஸ்திரி வண்டி இப்போது எங்கள் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. பின்சக்கரம் ஒன்று உங்கள் ஆட்கள் தள்ளியதில் வளைந்திருக்கிறது. வரும்போது சக்கரம் மாற்ற ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த வீட்டு முதல் மாடிக்காரி,
மயிலாப்பூர்